குழாய்க்கா ஏற்றிய சுருதி

டியூபா என்கிற அந்தப் பெரிய பித்தளை ஊதுகுழலுக்குள் பந்து விழுந்தால் என்ன சத்தம் வரும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "பூம் ப பூம் ப" என்று யானை மாதிரி கம்பீரமாக நடந்து வருகிற சத்தம், தொண்டையில் எலும்பு மாட்டியதுபோல சட்டென்று "ப்ர்ர்ர்" என்று இழுக்கும். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பந்தைப் போட்ட பாடகன் மேடை நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான். அந்தப் பித்தளை மலைக்குப் பின்னால் நின்று ஊதியவள் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருத்தர்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அவள்தான் குழாய்க்கா.

பகலெல்லாம் அவளுக்குப் பிளம்பர் வேலை. அடைத்துக்கொண்ட சிங்க், சொட்டும் வால்வு, சுவருக்குள் வெடித்த பைப். சாயங்காலம் ஆனால் டியூபா. "ரெண்டும் குழாய்தான். ஒண்ணுல தண்ணி போகுது, ஒண்ணுல என் மூச்சு போகுது. ரெண்டுலயும் அடைப்பெடுக்கிறது நான்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பள்ளிக்கூடத்து பேண்டில் ட்ரம்பெட் கேட்டுப் போனவளை, தோளின் அகலத்தைப் பார்த்துவிட்டு டியூபா பக்கம் தள்ளிவிட்டார்கள். தூக்க ஆளில்லாமல் மூலையில் கிடந்தது அது. அவள் தூக்கினாள். அப்புறம் இறக்கவே இல்லை.

அவளைப் பாப் மேடைக்குக் கொண்டுவந்தது சித்தப்பா. அவன் யாருக்கும் சித்தப்பா இல்லை. குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன், முப்பது வயதுக்குள் முன்மண்டை காலியாகிவிட்டதால் அந்தப் பட்டம். வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று அவளைக் கூப்பிடப் போனவன், அவள் வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். குழுவுக்குக் கனத்த அடிச்சுருதி கொடுக்கும் பேஸ் கிட்டார்காரன் அன்றைக்குக் காலையில்தான் சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தான். மறுநாள் கச்சேரி.

"அக்கா, குழாய் ஒழுகட்டும். நாளைக்கு எங்களோட ஊதுறீங்களா?"

ஊதினாள். ஐயோ, அந்த முதல் நாள்! பேஸ் கிட்டார் தொடையில் அடிக்கும் என்றால் டியூபா அடிவயிற்றில் அடிக்கிறது. கம்பியிலிருந்து வருகிற அதிர்வு வேறு, ஒரு மனுஷியின் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற அதிர்வு வேறு. முன்வரிசைப் பெண்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு அவள் கூடவே "பூம் ப பூம் ப" என்று ஊதிக் காட்டினார்கள். "கதவைத் திற, நான்தான் வந்திருக்கேன்" என்ற அந்தப் பாட்டு எத்தனையோ மாதமாகப் படுத்துக் கிடந்தது. அவள் ஊதிய பிறகுதான் எழுந்து ஓடியது. ஆட்டோவிலும் ஆபீஸிலும் மாவு மில்லிலும் அந்தப் பாட்டுதான்.

குழுவின் பாடகனை எல்லோரும் ஸ்டார் என்பார்கள். அந்தப் பெயரை அவனே அவனுக்கு வைத்துக்கொண்டான் என்பது சித்தப்பாவின் கட்சி. கெட்டவன் என்று பார்த்த உடனே சொல்ல முடியாது. வாய் நிறைய அக்கா என்பான். ஆனால் கூட்டம் சிரித்தால் அவனுக்குக் கண் மண் தெரியாது. ஒருநாள் வியர்வை துடைத்த துண்டைச் சுருட்டி விளையாட்டாக வீசினான். அது போய் டியூபாவின் வாய்க்குள் விழுந்தது. "ப்ர்ர்ர்." கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அன்றோடு துண்டு பந்தாக மாறியது. ஒரு பந்து மூன்று பந்தானது. பிறகு ரசிகர்களே பையில் பந்து போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

"தம்பி, இத நிறுத்திக்கலாம். ஊதும்போது உள்ள ஏதாவது விழுந்தா காத்து திரும்பி என் வாய்லயே அடிக்குது."

"அக்கா, அதுதான்க்கா மேட்டரே! ஜனங்க டிக்கெட் வாங்குறதே அதுக்குத்தான்."

"பாட்டுக்கு இல்லையா?"

"பாட்ட வீட்ல படுத்துக்கிட்டு போன்ல கேட்டுக்கலாமே."

அவளும் பொறுத்தாள். மேடை வேண்டுமே! பித்தளையைத் தோளில் மாட்டி நிற்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காக எதையும் விழுங்கலாம் என்று நினைத்தாள்.

ஒருநாள் பந்துக்குப் பதில் பாட்டில் வந்தது. தண்ணீர் நிறைந்த பாட்டில். உள்ளே விழாமல் விளிம்பில் மோதியது. டியூபா ஒரு குலுங்கு குலுங்கி, உதட்டில் வைத்திருந்த மவுத்பீஸ் சுத்தியல் மாதிரி அவள் வாயில் இறங்கியது. மேலுதடு கிழிந்தது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. அப்போதும் "ப்ர்ர்ர்" என்று சத்தம் வந்தது. அப்போதும் சிரித்தார்கள்.

ஸ்டார் திரும்பிப் பார்த்தான். ரத்தத்தைப் பார்த்தான். அவன் பார்த்ததை அவள் பார்த்தாள். அவன் ஒரு நொடி யோசித்தான். பிறகு மைக்கைத் தூக்கினான்.

"அக்காவுக்கு இன்னிக்கு லிப்ஸ்டிக் கொஞ்சம் ஜாஸ்தி!"

மைதானம் அதிர்ந்தது.

உதட்டைத் தைத்துவிடலாம். தைத்தார்கள். அந்தச் சிரிப்பை எந்த ஊசியால் தைப்பது? ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. அவன் மேடையில் நிற்க வேண்டும். கூட்டம் நிரம்பி வழிய வேண்டும். அந்தக் கூட்டம் மொத்தமும் அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். போலீசு, கேசு, நஷ்டஈடு எதுவும் அவளுக்கு வேண்டாம். அது ஒன்று போதும்.

ஸ்டார் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. போனில் குரல் அனுப்பினான்: "சீக்கிரம் வாங்கக்கா, பந்து போட ஆளில்லாம போரடிக்குது." அடுத்த வாரமே அவள் ஊதிய சத்தங்களைப் பதிவிலிருந்து வெட்டி எடுத்து கீபோர்டில் ஏற்றிக்கொண்டான். மேடையில் ஒரு பிளாஸ்டிக் டியூபாவை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தான், பந்து போட வசதியாக. சித்தப்பா அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, கூடவே தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மை ஒன்றையும் அனுப்பினான்.

குழாய்க்காவின் வீட்டுக்காரர் தையல் கடை வைத்திருக்கிறார். டியூபாவைத் தாங்கும் தோள்வாரை, பஞ்சு வைத்து, இரட்டைத் தையல் போட்டுத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். சாந்தமான மனுஷன்.

"விடும்மா. நாய் கடிச்சா நாம திருப்பிக் கடிக்கவா முடியும்?"

"ஏன், பல்லு போயிடுச்சுன்னு சொல்றீங்களா?" தையல் போட்ட உதடு அசையாமல் கேட்டாள். "மிச்சம் நிறைய இருக்கு."

தையல் பிரித்த நர்ஸ், எப்போது வேலைக்குப் போகலாம் என்று சொல்வதற்காக, "என்ன வேலைக்கா பண்றீங்க?" என்று கேட்டாள். டியூபா என்றதும் அந்தப் பெண் கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள். அவளும் இன்னும் மூன்று நர்சுகளும் சேர்ந்து லீவு நாளில் பாட்டுக் குழு நடத்துகிறார்களாம். "எங்க குழுவுல பேஸே இல்லக்கா. தலை இருக்கு, கால் இல்ல. வர்றீங்களா?"

"மொதல்ல ஒருத்தன் கணக்கு தீரட்டும். அப்புறம் வரேன்" என்றாள்.

கிழிந்த உதட்டை வைத்துக்கொண்டு டியூபா ஊதுவது லேசுப்பட்ட காரியமா? உதடு அதிர்ந்தால்தானே சத்தம்! குளியலறையைச் சாத்திக்கொண்டு வெறும் மவுத்பீஸில் ஊதிப் பார்த்தாள். கொசு சத்தம்கூட வரவில்லை. மவுத்பீஸைத் தழும்பிலிருந்து விலக்கி இடப்பக்கமாக வைத்துப் பார்த்தாள். எச்சில் ஒழுகியது. கண்ணில் தண்ணீர் வந்தது. "என்ன, உள்ள பைப் உடைஞ்சிருச்சா?" என்று கீழ்வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "ஆமா, நான்தான் சரி பண்ணிட்டிருக்கேன்!" என்று இவள் உள்ளேயிருந்தே கத்தினாள். ஒவ்வொரு தடவை உதடு வலித்து நின்றபோதும் லிப்ஸ்டிக் என்ற அந்த ஒரு சொல்லை நினைத்துக்கொள்வாள். மூச்சு தானாக வரும். பாலும் தேனும் தராத தெம்பைப் பகை தரும் என்பது அவள் கண்ட உண்மை. கொசு தேனீயானது. தேனீ ஒருநாள் எருமையாகி, கண்ணாடி சன்னலை அதிரவைத்தது.

அப்போதுதான் ஸ்டார் படியேறி வந்தான். கையில் ஒரு பை ஆப்பிள்.

"பல்லு உடைஞ்சவளுக்கு ஆப்பிளா?" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "கூட ஒரு கத்தியும் கொண்டாந்திருக்கலாமே தம்பி."

விஷயம் இதுதான். ஒரு பெரிய டிவியில் நேரடிக் கச்சேரி. பதிவு செய்த சத்தம் எதுவும் கூடாது, எல்லாமே ஆள் வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கீபோர்டு டியூபா அங்கே செல்லாது.

"உங்கள விட்டா யாருக்கா? பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

"பழசா? எதுப்பா பழசு?" என்று குழாய்க்கா சிரித்தாள். அந்த உடைந்த பல்லை அவன் அப்போதுதான் பார்த்தான், சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "வரேன். பந்து மட்டும் கிடையாது."

"சத்தியமா கிடையாதுக்கா!"

அந்தப் பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. கிட்டார், கீபோர்டு எல்லாம் நின்றுவிடும். டியூபாவும் மெல்லிய டிரம்ஸும் மட்டும். அதன்மேல் ஸ்டார் "கதவைத் திற" என்ற பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுவான். அவன் கை தூக்கிய பிறகுதான் மற்றவர்கள் சேருவார்கள். அதுவரைக்கும் அவன் காலுக்குக் கீழே இருக்கிற தரை டியூபா மட்டும்தான். பல்லவியின் உச்சியில் அவன் ஏற்கெனவே நுனிக்காலில்தான் நிற்பான். வலது தோள் காது வரைக்கும் ஏறும். பின்னால் நின்று ஊதுகிறவளுக்கு அந்தத் தோள் அத்துப்படி.

சுருதியைக் கீழே இழுத்தால் டியூபா பிசகிவிட்டது என்பார்கள். ஆனால் அரைக்கட்டை மேலே ஏற்றினால்? அது அழகு. பாப் பாட்டில் கடைசிப் பல்லவிக்கு எல்லோரும் செய்வதுதான். பாட்டுக்குப் புது ரத்தம் பாயும், கூட்டம் விசிலடிக்கும். எல்லோரும் ஒரு தடவை ஏற்றுவார்கள். ஒரு தடவையோடு நிறுத்த வேண்டும் என்று யார் சொன்னது?

ஒத்திகையில் நல்ல பிள்ளையாக, இருந்த சுருதியிலேயே ஊதிவிட்டுப் போனாள்.

கச்சேரி அன்று அரங்கு பிதுங்கியது. அந்த இடம் வந்தது. கிட்டார் நின்றது. ஸ்டார் கண்ணை மூடிக்கொண்டு முதல் பல்லவியை வெண்ணெய் மாதிரிப் பாடி முடித்தான். குழாய்க்கா நாலு படி ஏறுவதுபோல ஊதி, அரைக்கட்டை மேலே போய் நின்றாள். சுத்தமான சுருதி, துளி பிசகில்லை. கூட்டம் "ஓ!" என்றது. ஸ்டார் கண்ணைத் திறந்தான். என்ன இருந்தாலும் மேடைக்காரன், தாவிப் பிடித்துக்கொண்டான். விசில் பறந்தது. சித்தப்பா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. குச்சியை இறுக்கிப் பிடித்தான்.

இன்னொரு அரைக்கட்டை.

ஸ்டார் பல்லைக் காட்டிக்கொண்டே பாடினான். தோள் காதைத் தொட்டது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்றது. திரும்பி அவளைப் பார்த்து, போதும் என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் மூச்சை இழுத்தாள். அடிவயிறு வரைக்கும், ஆஸ்பத்திரி பெஞ்ச் வரைக்கும் இழுத்தாள்.

இன்னொன்று.

"கதவைத் தி..." குரல் உடைந்தது. சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு கிறீச். ஸ்டார் அவசரமாகக் கையைத் தூக்கினான். பாட்டு எங்கேயோ மேலே போய் நிற்பது தெரிந்த கிட்டார்காரன் கம்பியைத் தொடப் பயந்து கும்பிடு போட்டான். அரங்கமே வெடித்துச் சிரித்தது. பால்கனி சிரித்தது. கேமரா பிடித்தவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். முன்வரிசைப் பெண்கள் அந்தச் சுருதியை அலட்டிக்கொள்ளாமல் பிடித்துப் பல்லவியை அவர்களே பாட, குழாய்க்கா அவர்களுக்கு ஊதினாள். ஸ்டார் நடுவில் வெறும் மைக்கோடு நின்றான்.

அவள் ஏங்கிக் கிடந்த சிரிப்பு, ஒரு சொட்டுக் குறையாமல் கிடைத்தது.

பாட்டு முடிந்ததும் உடை மாற்றும் அறையில் டியூபாவைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். வரட்டும். அழட்டும், கத்தட்டும், ஏன் இப்படிப் பண்ணினீர்கள் என்று கேட்கட்டும். "நான் மேல போனேன், நீ வரல" என்ற பதில்கூட நாக்கு நுனியில் தயார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டார் வந்தான். முகமெல்லாம் பல்.

"அக்கா! பின்னிட்டீங்க போங்க! சிரிச்சாங்க பாத்தீங்களா? இப்பவே போன்ல பரவ ஆரம்பிச்சிடுச்சு! இனிமே எல்லா கச்சேரிலயும் இது உண்டு. நீங்க ஏத்துறீங்க, நான் கத்துறேன், என் குரல் கிழியுது. பந்தெல்லாம் இதுக்கு முன்னாடி தூசுக்கா!"

குழாய்க்காவின் கையில் இருந்த துணி நின்றது.

"உனக்கு வலிக்கலையாடா?"

"எதுக்கு வலிக்கணும்? சிரிச்சாங்கல்ல! அப்புறம், ஊதி முடிச்சதும் அந்த உடைஞ்ச பல்லு தெரியற மாதிரி ஒரு சிரிப்பு சிரிங்க. அது இன்னும் காமெடியா இருக்கும்."

அவன் போனதும் அவள் துணியை விசிறிவிட்டு உட்கார்ந்தாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதை! எத்தனை மாதம் குளியலறையில் ரத்தம் கக்காத குறையாக ஊதியது, எல்லாம் இவனுக்கு இன்னொரு வேடிக்கையா? சிரிப்பால் அவனை அடிக்க முடியாது. சிரிப்பு அவனுக்குச் சோறு. எலிக்குப் பொறி வைக்கிறேன் என்று தினமும் தேங்காய்த் துண்டை ஊட்டிவிட்டிருக்கிறாள்.

சித்தப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அவன் கிடக்கான் விடுக்கா. நீ ஊதுனது இருக்கே, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது."

"சித்தப்பா, சோறே கதின்னு கிடக்கிறவனுக்கு எது வலிக்கும்?"

"என்ன கேள்வி இது? சோறு இல்லேன்னா வலிக்கும்."

அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

ஸ்டார் அடுத்ததாக ஸ்டேடியத்தைப் பிடித்தான். ஊரெல்லாம் போஸ்டர். "ஏத்துக்கா ஏத்து!" என்று பெரிய எழுத்து, வாயைப் பிளந்த ஸ்டார், பக்கத்தில் உடைந்த பல்லோடு குழாய்க்காவின் கேலிப்படம். அதை அவளுக்கே கொண்டுவந்து காட்டினான்.

"எப்படி இருக்கு? அன்னிக்கு கொஞ்சம் சீக்கிரமே வந்துடுங்கக்கா."

"பாக்கலாம்" என்றாள்.

பாக்கலாம் என்றால் வருகிறேன் என்று அர்த்தமில்லை. அவள் சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அந்த அக்கா எங்கே போய்விடப் போகிறாள் என்ற நினைப்பு அவனுக்கு.

"நான் என்னக்கா பண்ணட்டும்? நானும் போகாம நின்னுடவா?" என்று சித்தப்பா கேட்டான்.

"நீ போ. கண்டிப்பா போ. டிரம்ஸுக்குப் பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் கண்ணால பாரு."

ஸ்டேடியக் கச்சேரி அன்று சாயங்காலம் குழாய்க்கா ஆஸ்பத்திரி ஊழியர்களின் சின்ன ஹாலில் நின்றாள். நர்சுகளோடு அவளுக்கு முதல் கச்சேரி. பிளாஸ்டிக் நாற்காலிகள், டியூட்டி உடையிலேயே வந்து உட்கார்ந்தவர்கள், வாசலில் சக்கர நாற்காலியில் எட்டிப் பார்த்த நோயாளிகள். தையல் பிரித்த அந்தப் பெண்தான் பாடினாள். அவள் குரல் நடக்கிற இடத்துக்கெல்லாம் டியூபா தரை போட்டுக்கொண்டே போனது. முதல் பகுதி முழுக்க மேசைமேல் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்டார், ஸ்டார், ஸ்டார். அவள் எடுக்கவில்லை. பிறகு அது அடங்கியது.

இடைவேளையில் சித்தப்பாவின் பெயர் வந்ததும் பாய்ந்து எடுத்தாள்.

"சொல்லு!"

"அக்கா, நீ வரலேன்னதும் கீபோர்டுல உன் சத்தத்த வெச்சு ஏத்த சொன்னான். பட்டன அமுக்குனா அரைக்கட்டை ஏறுது. ஏத்துனாங்க. கத்துனான். குரல் உடைஞ்சுது."

"சிரிச்சாங்களா?"

"ஒரு ஜீவன் சிரிக்கல. எவனோ இருமுனான், மேடை வரைக்கும் கேட்டுச்சு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ம். அப்புறம்?"

"அப்புறம் வேணும்னே இன்னொரு தடவ உடைச்சான். அதுக்கும் இல்ல. மிஷின்கிட்ட தோக்கிறவனப் பாத்து யாருக்கா சிரிப்பான்? முன்னாடி ஒரு பொண்ணு எந்திரிச்சு 'டியூபா எங்க?'ன்னா. அவ்ளோதான். ஸ்டேடியமே 'டியூபா எங்க, டியூபா எங்க'ன்னு கால தட்ட ஆரம்பிச்சிருச்சு."

"அவன் என்ன சொன்னான்?"

"ஜோக்கடிக்கப் பாத்தான். மைக்க வாய்கிட்ட கொண்டு போனான். வாய் திறந்துச்சு, ஒண்ணும் வரல. ஒவ்வொரு வரிசையா எந்திரிச்சுப் போறாங்க, இவன் போறவங்க முதுகையே பாத்துக்கிட்டு நிக்கிறான்."

"முகம் எப்படி இருந்துச்சு? முகத்தச் சொல்லு."

"முகமா... என் பக்கம் திரும்புனப்ப பாத்தேன், திருவிழாக் கூட்டத்துல அம்மாவ விட்டுட்ட குழந்தை மாதிரி இருந்துச்சுக்கா. நெஜமாவே பாவமாதான் இருந்துச்சு."

"பாவமாவா?" தழும்பேறிய உதட்டை நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டாள் குழாய்க்கா. ஹாலுக்குள்ளிருந்து அந்த நர்ஸ் எட்டிப் பார்த்து, "அக்கா, ஆரம்பிக்கலாமா? எல்லாரும் உக்காந்துட்டாங்க" என்றாள்.

"ஒரு நிமிஷம்மா." போனைக் காதோடு அழுத்தினாள். "சித்தப்பா, மொதல்ல இருந்து சொல்லு. அந்த இருமல்ல இருந்து."